ஸ்டாப் பட்டனில் தொடங்கும் படிப்பு

பி.எல்.சி. (புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர்) என்ற பெட்டி பிறந்ததே எலக்ட்ரீஷியனுக்காகத்தான். எங்கள் கோவைப் பக்கத்து மில்களில் வேலை பார்க்கும் பல தம்பிகளிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. மெஷின் நின்றால் பேனல் கதவைத் திறப்பார்கள். ஃபியூஸைச் சோதிப்பார்கள், ஓவர்லோட் ரிலேயை ரீசெட் செய்வார்கள், கான்டாக்டரை அமுக்கிப் பார்ப்பார்கள். சின்னச் சின்ன விளக்குகள் மினுக்கும் அந்தப் பெட்டியிடம் வந்ததும் கை நின்றுவிடும். "இது கம்பெனி இன்ஜினியர் வந்துதான் பாக்கணுங்க" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். இன்ஜினியர் வர அரை நாளாகலாம், ஒரு நாளாகலாம். அதுவரை மெஷின் நிற்கும். வந்தவர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் என்ன? ஒரு பிராக்ஸி சென்சார் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், அல்லது ஒரு லிமிட் சுவிட்சில் பஞ்சு அடைத்திருக்கும். கதவைச் சாத்திய தம்பியே முடித்திருக்கக்கூடிய வேலை.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் டிரேடு படித்தவன். ஸ்பின்னிங் மில் மெயின்டனன்ஸில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது கணபதியில் சிறிய பட்டறை வைத்துப் பேனல் போர்டு செய்து கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை மேஜையைச் சுற்றி எலக்ட்ரீஷியன்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மில்லில் இருப்பவர்கள், பவுண்டரியில் இருப்பவர்கள், வீட்டு வயரிங் மட்டும் செய்தவர்கள் என எல்லோரும் வருகிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றுதான் இந்தக் கட்டுரை: வயர் பிடித்துப் பழகிய கைக்கு இந்தப் படிப்பில் பாதி ஏற்கெனவே வந்துவிட்டது. மீதிப் பாதியையும் கை வழியாகவே கற்க முடியும், கற்க வேண்டும்.

முதலில் இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1960-களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் மெஷின்களை இயக்கியவை ரிலே பேனல்கள். சுவர் நீளத்துக்கு அலமாரிகள், அதற்குள் நூற்றுக்கணக்கில் ரிலேக்கள். காரின் மாடல் மாறினால் மெஷினின் வேலை மாறும். வேலை மாறினால் வயரிங்கை முழுக்கக் கழற்றி மறுபடி போட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேடிக் பிரிவு 1968-இல் இதற்கு மாற்று கேட்டது. ரிலேக்களுக்குப் பதிலாக ஒரு மின்னணுக் கருவி வேண்டும், பட்டறைத் தூசியையும் சூட்டையும் அது தாங்க வேண்டும், ஆலையில் இருக்கும் ஆட்களே அதைப் பராமரிக்கவும் மாற்றவும் முடிய வேண்டும். அதே ஆண்டு டிக் மோர்லி என்பவரும் அவருடைய பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனத்தாரும் இதே யோசனையில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் செய்த கருவிக்கு மோடிகான் 084 என்று பெயர். அந்த நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் என்பதால் அந்த எண்.

அந்தக் கருவிக்குள் வேலையை எழுதிவைக்க எடுத்துக்கொண்ட முறைதான் நமக்கு முக்கியம். கம்ப்யூட்டர்காரர்களின் மொழியை எலக்ட்ரீஷியன் மேல் அவர்கள் சுமத்தவில்லை. எலக்ட்ரீஷியன் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ரிலே டிராயிங்கையே புரோகிராம் எழுதும் முறையாக்கினார்கள். இடப்பக்கம் ஒரு நெடுங்கோடு, வலப்பக்கம் ஒரு நெடுங்கோடு; ஃபேஸ், நியூட்ரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குறுக்கே ஓடும் ஒவ்வொரு கோடும் ஒரு சர்க்யூட். அதில் கான்டாக்டுகள், கடைசியில் ஒரு காயில். இதைத்தான் லேடர் என்கிறோம், குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் ஒரு ரங். மோட்டார் ஸ்டார்ட்டர் டிராயிங் படிக்கத் தெரிந்தவருக்கு இதைப் படிக்கத் தெரியும். 1993-இல் வந்த ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் ஐந்து விதமாக எழுதும் முறைகளை வகுத்தது. லேடர் அவற்றில் ஒன்று. மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம், அவசரமில்லை.

பெட்டிக்குள் நடப்பது மூன்று காரியம். முதலில் எல்லா இன்புட்டுகளையும் ஒரே மூச்சில் பார்த்துக் குறித்துக்கொள்ளும். அடுத்து, முதல் ரங்கிலிருந்து கடைசி ரங் வரை வரிசையாகக் கணக்குப் போடும். பிறகு விடையை அவுட்புட்டுகளுக்கு அனுப்பும். மறுபடி முதலிலிருந்து. இந்த ஒரு சுற்றுக்கு ஸ்கேன் என்று பெயர். சின்ன புரோகிராம் என்றால் சில மில்லிசெகண்டில் ஒரு ஸ்கேன் முடிந்துவிடும். ரிலே பேனலில் எல்லாச் சர்க்யூட்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும். இங்கே ஒன்றன்பின் ஒன்றாகத்தான். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் ஊன்றிக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வராது.

மேஜைக்கு வருவோம். என்னென்ன வேண்டும்? ஒரு சின்ன பி.எல்.சி. நான் பெரும்பாலும் டெல்டாவின் எஸ்.எஸ்.2 வகையில் எட்டு இன்புட், ஆறு ரிலே அவுட்புட் உள்ளதை வைத்துக் கற்றுக்கொடுக்கிறேன். நம் ஊர்ச் சின்ன மெஷின்களில் அது நிறைய இருக்கிறது, சாஃப்ட்வேரும் இலவசம். சீமென்ஸோ மிட்சுபிஷியோ கையில் கிடைத்தால் அதுவும் நல்லதே. ஒன்றில் கை பழகினால் மற்றதற்கு மாறுவது சில வார வேலை. 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று. பச்சை, சிவப்பு புஷ் பட்டன்கள். இரண்டு மூன்று பைலட் லேம்ப். சாக்கெட்டோடு 24 வோல்ட் ரிலேக்கள், ஒரு மூன்று வயர் பிராக்ஸி, ஒரு லிமிட் சுவிட்ச், மூன்று கான்டாக்டர், ஓர் ஓவர்லோட் ரிலே. டின் ரெயில், டெர்மினல், ஃபெரூல். பட்டனும் கான்டாக்டரும் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் மலிவாக அகப்படும். பழைய பி.எல்.சி. வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: எந்த மாடல், அதற்கு உரிய கேபிள் கிடைக்குமா, சாஃப்ட்வேர் இன்றைய லேப்டாப்பில் ஓடுமா என்ற மூன்றையும் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் ஒரு பலகையில் நீங்களே வயர் செய்யுங்கள். ரெடிமேடாக எல்லாம் பொருத்திய டிரெய்னர் கிட்டில் பிளக்கைச் செருகிப் படிப்பது எனக்குப் பிடிக்காத வழி. அதில் புரோகிராம் வரும், வயரிங் வராது. உண்மையில் மெஷின் நிற்பது பெரும்பாலும் வயரிங் பக்கத்துக் கோளாறால்தான்.

முதல் பாடம் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். அதை முதலில் பி.எல்.சி. இல்லாமலே செய்யச் சொல்வேன். ஸ்டாப் பட்டன் என்.சி. (அமுக்காதபோது மூடியிருப்பது), ஸ்டார்ட் பட்டன் என்.ஓ. (அமுக்காதபோது திறந்திருப்பது), கான்டாக்டரின் 13-14 ஹோல்டிங்குக்கு, ஓவர்லோட் ரிலேயின் 95-96 வரிசையில், கடைசியில் ஏ1-ஏ2. இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ஓட்டிப் பார்த்த பிறகு கன்ட்ரோல் வயரிங்கை மட்டும் கழற்றிவிட வேண்டும். இனி எல்லாம் பி.எல்.சி.யின் இன்புட்டுகளுக்குப் போகும்: ஸ்டாப் எக்ஸ்0-க்கு, ஸ்டார்ட் எக்ஸ்1-க்கு, ஓவர்லோட் எக்ஸ்2-க்கு. காயில் ஒய்0 என்ற அவுட்புட்டிலிருந்து. ஹோல்டிங் வயர் இனி இல்லை. அது புரோகிராமுக்குள் போய்விட்டது, ஸ்டார்ட் கான்டாக்டுக்கு இணையாக ஒய்0 என்ற கான்டாக்டாக.

இங்கேதான் ஞாயிற்றுக்கிழமைக் குழு முழுவதும் தலையைச் சொறியும். சத்தியமங்கலத்திலிருந்து வரும் ஒரு தம்பி கேட்ட மாதிரியே எல்லோரும் கேட்கிறார்கள்: "அண்ணா, ஸ்டாப் பட்டன் என்.சி.தானுங்க. புரோகிராம்லயும் என்.சி. போட்டேன். மோட்டார் எடுக்கவே மாட்டேங்குதே?"

"பட்டனை அமுக்காம எக்ஸ்0 லைட்டைப் பாரு கண்ணு. எரியுதா?"

"எரியுதுங்க."

"அப்ப எக்ஸ்0 ஆன்ல இருக்கு. நீ புரோகிராம்ல 'எக்ஸ்0 ஆஃப்ல இருந்தா மட்டும் விடு'ன்னு எழுதியிருக்க. எப்படி விடும்?"

டிராயிங்கில் நாம் போடும் கான்டாக்ட் குறி அங்கே இருக்கும் பொருளைக் காட்டுகிறது. லேடரில் போடும் அதே குறி ஒரு கேள்வியைக் கேட்கிறது. திறந்த கான்டாக்ட் குறி, "இந்த இன்புட்டுக்கு வோல்டேஜ் வந்திருக்கிறதா?" என்று கேட்கும். மூடிய கான்டாக்ட் குறி, "வராமல் இருக்கிறதா?" என்று கேட்கும். வெளியே என்.சி. பட்டன் இருப்பதால் சும்மா இருக்கும்போதே எக்ஸ்0-க்கு வோல்டேஜ் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே புரோகிராமில் திறந்த குறி போட வேண்டும். பட்டனை அமுக்கினால் வோல்டேஜ் போகும், ரங் உடையும், மோட்டார் நிற்கும்.

உடனே ஒரு புத்திசாலி சொல்வார்: "அப்ப வெளிய என்.ஓ. பட்டன் போட்டுட்டு உள்ள என்.சி. போட்டாலும் ஓடுமில்லைங்களா?" ஓடும். ஓட்டிக் காட்டச் சொல்வேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப் பட்டனுக்குப் போகும் வயரை டெர்மினலிலிருந்து உருவச் சொல்வேன். இப்போது ஸ்டாப்பை அமுக்கு. நிற்காது. எவ்வளவு அமுக்கினாலும் நிற்காது. மறுபடி என்.சி. பட்டனுக்கு மாற்றி, அதே வயரை உருவச் சொல்வேன். உருவிய அந்தக் கணமே நிற்கும். வயர் அறுந்தால் மெஷின் நிற்க வேண்டும், ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஓவர்லோடின் 95-96-ஐ எடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான். இதைப் புத்தகத்தில் நாலு முறை படித்தவரைவிட, ஒருமுறை வயரை உருவிப் பார்த்தவர் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டார்.

எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுவேன். சாதாரண பி.எல்.சி.யின் புரோகிராமை மட்டும் நம்பி அதை விடக் கூடாது. அவுட்புட் ரிலே ஒட்டிக்கொண்டால் புரோகிராம் எதுவும் செய்ய முடியாது. எமர்ஜென்சி பட்டன் வயரிங் வழியாகவே, சேஃப்டி ரிலே வைத்து, பவரைத் துண்டிக்க வேண்டும். பட்டன் அமுங்கியிருக்கிறது என்ற செய்தி மட்டும் பி.எல்.சி.க்குப் போனால் போதும்.

இரண்டாம் பாடம் ஸ்டார்-டெல்டா. மெயின் ஒய்0, ஸ்டார் ஒய்1, டெல்டா ஒய்2. டைமரை இனி கடையில் வாங்க வேண்டாம். பெட்டிக்குள்ளேயே ஏராளம் இருக்கின்றன. நான் சொன்ன டெல்டா பி.எல்.சி.யில் டி0 என்ற டைமரின் கணக்கு 100 மில்லிசெகண்டில் ஓடும். கே80 என்று எழுதினால் எட்டு செகண்ட். எட்டு செகண்ட் ஆனதும் ஸ்டார் விழ வேண்டும், டெல்டா எடுக்க வேண்டும். மோட்டார் வேண்டியதில்லை, மூன்று கான்டாக்டர்களின் சத்தமே போதும். "டக்" என்று ஒன்று விழுந்து "டக்" என்று இன்னொன்று எடுப்பது காதில் கேட்கும்.

புரோகிராமில் ஸ்டாருக்கும் டெல்டாவுக்கும் இன்டர்லாக் போட்டுவிட்டேனே, வயரிங்கில் எதற்கு கான்டாக்டரின் 21-22 என்.சி. கான்டாக்ட் என்று அப்போது கேட்பார்கள். பேனல் விலையைக் குறைக்க நினைப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். பதில் ஸ்கேனில் இருக்கிறது. ஸ்டாரை ஆஃப் செய், டெல்டாவை ஆன் செய் என்ற இரண்டு கட்டளையையும் பி.எல்.சி. ஒரே ஸ்கேனில், சில மில்லிசெகண்டில் அனுப்பிவிடும். கான்டாக்டர் இரும்பும் ஸ்பிரிங்கும். காயிலில் கரன்ட் நின்ற பிறகும் கான்டாக்ட் பிரியவும், பிரியும்போது கிளம்பும் ஆர்க் அணையவும் அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் டெல்டா எடுத்தால் மூன்று ஃபேஸும் ஷார்ட். இதற்காக நடுவில் இன்னொரு டைமர், கே1, அதாவது 0.1 செகண்ட் காத்திருப்பு. அது போதாது. ஸ்டார் கான்டாக்ட் வெல்டாகி ஒட்டிக்கொண்டிருந்தால்? பி.எல்.சி.க்கு அது தெரியாது, நான் ஆஃப் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஸ்டாரின் 21-22 டெல்டா காயில் வழியில் இருந்தால் மட்டுமே டெல்டா எடுக்காமல் இருக்கும். ஆக இரண்டு இன்டர்லாக்கும் வேண்டும். ஃபார்வர்டு-ரிவர்ஸுக்கும் இதே சட்டம். இந்த இடத்தில் எலக்ட்ரீஷியனின் அறிவுதான் பெரிது. கம்ப்யூட்டர் மட்டும் படித்துவிட்டு வருபவருக்கு ஆர்க் என்றால் என்னவென்று கையில் தெரியாது.

பயிற்சி நிலையங்களில் டிராஃபிக் சிக்னல் புரோகிராமை முதல் பாடமாக வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த எலக்ட்ரீஷியன் மெஷின் மெயின்டனன்ஸில் டிராஃபிக் சிக்னலைப் பார்க்கிறார்? அதற்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். கீழே சம்ப், மேலே டேங்க், இரண்டு மோட்டார். மேல் டேங்க் குறைந்தால் மோட்டார் எடுக்க வேண்டும், நிறைந்தால் நிற்க வேண்டும், சம்ப் வற்றினால் எடுக்கவே கூடாது. ஒவ்வொரு தடவையும் மோட்டார் மாறி மாறி ஓட வேண்டும். ஒன்று டிரிப் ஆனால் மற்றது தானாக எடுக்க வேண்டும். வீட்டு வயரிங் மட்டும் செய்தவருக்கும் இந்த வேலை அத்துப்படி. என்ன நடக்க வேண்டும் என்பது முதலிலேயே மனதில் இருப்பதால், அதை எப்படி எழுதுவது என்பதில் மட்டும் மண்டையை உடைத்தால் போதும். மில்லின் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் இருப்பதும் கிட்டத்தட்ட இதுவே.

இந்தப் பாடத்தில் எல்லோருக்கும் வரும் ஒரு கோளாறு உண்டு. ஆட்டோவுக்கு ஒரு ரங்கில் ஒய்0 காயிலைப் போடுவார்கள். மேனுவலுக்கு நாலு ரங் தள்ளி மறுபடி ஒய்0 காயிலைப் போடுவார்கள். திரையில் மேல் ரங் பச்சையாகத் தெரியும், மோட்டார் எடுக்காது. பி.எல்.சி. பழுது என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஸ்கேன் மேலிருந்து கீழே போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மேல் ரங் "ஆன்" என்று எழுதும், கீழ் ரங் அதை அழித்து "ஆஃப்" என்று எழுதும், கடைசியில் எழுதியது மட்டும் வெளியே போகும். ஓர் அவுட்புட்டுக்கு ஒரு காயில், அவ்வளவே. ஆட்டோவும் மேனுவலும் கான்டாக்டுகளாக அந்த ஒரே காயிலுக்கு முன்னால் இணையாக வரட்டும்.

சென்சார் பாடத்தில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். மூன்று வயர் பிராக்ஸியில் பிரவுன் 24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கறுப்பு சிக்னல். பி.என்.பி. வகை, இரும்பைக் கண்டதும் கறுப்பு வயரில் 24 வோல்ட் தரும். என்.பி.என். வகை கறுப்பு வயரை 0 வோல்ட்டுக்கு இழுக்கும். ஜப்பானிய மெஷின்களில் என்.பி.என்., ஐரோப்பிய மெஷின்களில் பி.என்.பி. அதிகம். எஸ்.எஸ்.2 போன்ற பி.எல்.சி.யில் எஸ்/எஸ் என்ற டெர்மினலை 24 வோல்ட்டில் சேர்த்தால் என்.பி.என். சென்சார் வேலை செய்யும், 0 வோல்ட்டில் சேர்த்தால் பி.என்.பி. வேலை செய்யும். இரவு ஷிஃப்டில் ஸ்டோரில் கிடைத்த ஏதோ ஒரு பிராக்ஸியை மாட்டிவிட்டு, "சென்சார்ல லைட் எரியுது, மெஷின் எடுக்க மாட்டேங்குது" என்று நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரை எடுத்து, இரும்பைக் காட்டும்போதும் எடுக்கும்போதும் கறுப்பு வயரில் என்ன வருகிறது என்று இரண்டு வகையிலும் அளந்து பாருங்கள். பிறகு குழப்பமே வராது.

இதற்கு அடுத்தது நான் மிகவும் நம்பும் பயிற்சி. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். ஒருவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரட்டும். அதற்குள் மற்றவர் பலகையில் ஒரு கோளாறு வைப்பார்: ஒரு ஸ்க்ரூவை லூஸ் பண்ணலாம், பட்டனின் கான்டாக்ட் பிளாக்கை மாற்றலாம், ஃபியூஸைக் கழற்றலாம், புரோகிராமில் ஒரு டைமர் மதிப்பை மாற்றலாம். வந்தவர் கண்டுபிடிக்க வேண்டும், வயர்களை அங்கங்கே இழுத்துப் பார்க்காமல் வரிசையாக. முதலில் சென்சாரின் சொந்த விளக்கு. அடுத்து பி.எல்.சி.யின் இன்புட் விளக்கு. அடுத்து லேப்டாப்பில் மானிட்டர் மோடில் அந்த ரங். பிறகு அவுட்புட் விளக்கு. கடைசியில் அவுட்புட் டெர்மினலில் வோல்டேஜ். சென்சார் விளக்கு எரிகிறது, இன்புட் விளக்கு எரியவில்லை என்றால் கோளாறு இரண்டுக்கும் நடுவில் வயரில். அவுட்புட் விளக்கு எரிகிறது, கான்டாக்டர் எடுக்கவில்லை என்றால் புரோகிராமைத் தொடவே வேண்டாம். ஃபியூஸ், உள் ரிலேயின் கான்டாக்ட், காயில் என்று டெஸ்ட் லேம்போடு போங்கள். இந்த வரிசை பழகியவர் லேப்டாப் இல்லாமலே முக்கால்வாசிக் கோளாறுகளைப் பிடித்துவிடுவார்.

உள் ரிலேயின் கான்டாக்ட் என்றேன். அது சின்னது. பெரிய கான்டாக்டர் காயிலையும் சோலனாய்டு வால்வையும் நேரடியாக அதில் மாட்டினால் சீக்கிரம் கருகும். நடுவில் ஒரு 24 வோல்ட் ரிலே வைத்துவிடுங்கள். டி.சி. காயிலுக்குக் குறுக்கே ஒரு 4007 டயோடைத் தலைகீழாகப் போட்டால், காயில் விழும்போது திரும்பி அடிக்கும் வோல்டேஜை அது விழுங்கிக்கொள்ளும். சில ரூபாய் டயோடு, பல ஆயிரம் ரூபாய் பி.எல்.சி.யைக் காப்பாற்றுகிறது.

பி.எல்.சி. வாங்கக் காசில்லை என்பவர்கள் காத்திருக்க வேண்டாம். டெல்டாவின் டபிள்யூ.பி.எல்.சாஃப்டில் சிமுலேட்டர் இருக்கிறது. கோடேசிஸ் என்ற சாஃப்ட்வேரையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதிலும் சிமுலேஷன் உண்டு. தியாகோ ஆல்வெஸ் என்பவர் தொடங்கிய ஓப்பன் பி.எல்.சி. என்ற திறந்த மூலத் திட்டம் ஆர்டுயினோ, ராஸ்ப்பெரி பை போன்ற மலிவான போர்டுகளிலேயே லேடரை ஓட்டும். பட்டனும் எல்.இ.டி.யும் சேர்த்தால் கையில் ஒரு பி.எல்.சி. வந்த மாதிரி. ஆனால் அந்த போர்டுகளின் கால்கள் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் வேலை செய்பவை. 24 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் போர்டு போய்விடும்.

லேப்டாப்பை பி.எல்.சி.யோடு பேசவைப்பதிலேயே பலர் சோர்ந்துபோகிறார்கள். அதுவும் எலக்ட்ரீஷியன் வேலையே. யு.எஸ்.பி. கன்வெர்ட்டருக்கு டிரைவர் போட்டிருக்கிறதா, விண்டோஸ் அதற்கு எந்த காம் எண் கொடுத்திருக்கிறது, சாஃப்ட்வேரிலும் அதே எண்ணா, வேகம் 9600, டேட்டா 7, பாரிட்டி ஈவன், ஸ்டாப் 1 என்று இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பேசிவிடும்.

ஆங்கிலம் தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு மில்லில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் சேர்ந்தவர். மேனுவலைப் படிக்க வராது, லேப்டாப்பும் தரவில்லை. அவர் ஒரு நோட்டு வாங்கினார். ரிங் பிரேம் நன்றாக ஓடும்போது பி.எல்.சி.யில் எந்தெந்த இன்புட் விளக்கு எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்று கட்டம் போட்டுக் குறித்தார். கதவைத் திறந்தால் எது அணைகிறது, டாஃபிங்கில் எது மாறுகிறது, ஸ்டார்ட் அமுக்கினால் எது மினுக்குகிறது என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதினார்: "எக்ஸ்5, இடது கதவு. மூடினால் எரியும்." மெஷின் நின்றால் நோட்டைத் திறந்து ஒப்பிடுவார். எரிய வேண்டியது எது எரியவில்லையோ, அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போவார். பெரும்பாலான நேரம் கோளாறு அங்கே இருக்கும். பி.எல்.சி. படிக்க இதைவிட நல்ல தொடக்கத்தை நான் பார்த்ததில்லை. அவரைப் பார்த்த பிறகு, என்னிடம் வரும் எல்லோரையும் தங்கள் மெஷினுக்கு அப்படி ஒரு நோட்டுப் போடச் சொல்கிறேன். கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் சரிதான்.

ஓடும் மெஷினில் லேப்டாப்பை மாட்டும் நாள் வரும். அன்றைக்கு முதல் வேலை, பி.எல்.சி.யில் இருக்கும் புரோகிராமைப் படித்து எடுத்துத் தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமிப்பது. பழைய மாடல்கள் பலவற்றில் புரோகிராம் உள்ளிருக்கும் பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. பேட்டரி செத்து, கரன்ட்டும் போனால் புரோகிராமும் போய்விடும். அதற்குப் பிறகு முதல் சில மாதங்கள் பார்ப்பதோடு நில்லுங்கள். மெஷின் ஓடும்போது மானிட்டரில் ரங்குகள் பச்சையாவதைப் பாருங்கள், எந்த ரங் எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். ஃபோர்ஸ் என்ற வசதி, சென்சார் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி மெஷினை ஓடவைக்கும். உள்ளே ஒருவர் கை வைத்திருந்தால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆள் பக்கத்தில் நிற்கும் மெஷினில் அதைத் தொடவே கூடாது.

டி.ஓ.எல்., ஸ்டார்-டெல்டா, தொட்டி, சென்சார், கோளாறு தேடுதல் எல்லாம் கைக்கு வந்த பிறகு அனலாக் பக்கம் போகலாம். பிரஷர் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை அனுப்பும். 0 முதல் 10 பார் அளக்கும் டிரான்ஸ்மிட்டரில் 4 என்றால் 0 பார், 12 என்றால் 5 பார், 20 என்றால் 10 பார். ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? வயர் அறுந்தால் பூஜ்யம் வரும். பிரஷர் இல்லை என்பதையும் வயர் இல்லை என்பதையும் பிரித்துச் சொல்லத்தான் இந்த 4. என்.சி. ஸ்டாப் பட்டன் செய்த அதே வேலை. இந்தக் கரன்ட்டை பி.எல்.சி. ஓர் எண்ணாக மாற்றிக்கொள்ளும். சீமென்ஸ் எஸ்7-1200-இல் 20 மில்லிஆம்பியருக்கு 27648 வரும். அதை மறுபடி பாராக மாற்றுவது ஐந்தாம் வகுப்பு விகிதக் கணக்கு.

வகுப்பில் சேர்ந்து படிக்க நினைப்பவர்களுக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது. தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறது. தனியார் நிலையத்தில் பணம் கட்டும் முன் உள்ளே போய்ப் பாருங்கள். எத்தனை பேருக்கு ஒரு பி.எல்.சி. என்று கேளுங்கள். மாணவர் கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். புரொஜெக்டரில் மட்டும் பாடம் ஓடினால் திரும்பி வந்துவிடுங்கள்.

மில் முதலாளிகளிடமும் பட்டறை முதலாளிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் எலக்ட்ரீஷியன் எவ்வளவு படித்தாலும், பெட்டிக்கு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிவிட்டு மெஷின் சப்ளையர் போய்விட்டால் அவரால் புரோகிராமைப் பார்க்கவே முடியாது. ஆகவே புது மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றைக்கே, பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதிவிடுங்கள்: கமென்டோடு கூடிய புரோகிராம் காப்பி, எந்த இன்புட்டும் அவுட்புட்டும் எதற்கு என்ற பட்டியல், கடைசியாகத் திருத்திய வயரிங் டிராயிங், உரிய கேபிள், குறைந்தது பார்ப்பதற்கான பாஸ்வேர்ட் என்ற ஐந்தும் மெஷினோடு வர வேண்டும். மெஷினை மாட்டி ஓட்டிக்காட்டும் நாட்களில் உங்கள் எலக்ட்ரீஷியனை வேறு வேலைக்கு அனுப்பாமல் அந்த இன்ஜினியர் பக்கத்திலேயே நிற்கவிடுங்கள். பேலன்ஸ் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.